பதினொன்றாவது ரொட்டி

செவ்வாயும் வெள்ளியும் மட்டும்
ரொட்டி வண்டி ஏறும் மலை அது.
பேருந்து கிடையாது.
அடிவாரத்துச் சந்தையில் என் வாடகைக் கார்
புகை கக்கி உட்கார்ந்துவிட,
எலாடியோவின் வண்டியில்
சூடான மாவு வாசனைக்கும் கைப்பிரேக்குக்கும் நடுவே
எனக்கோர் இடம் கிடைத்தது.

பெஞாசோர்தா.
செவிட்டுப் பாறை என்று அர்த்தமாம்.
ஓர் எழுத்தின் தலையில் அலை வரைந்து
அவர்கள் எழுப்பும் அந்த ஒலிக்கு
என்னிடம் ஞ இருந்தது.
ஞாயிறு, ஞாபகம், ஞானம் என்று
நாலைந்து சொற்களுக்கு மட்டும்
கதவு திறந்துகொண்டிருந்த எழுத்து,
முதல்முறையாக வெளிநாட்டில் வேலைக்குப் போனது.

முப்பத்தேழு வளைவுகள்.
இருபதாவதில் காது அடைத்தது.
முப்பதில் பைன் மரங்கள் தீர்ந்து
பாறை விளிம்பில் பாறுகள்,
சிறகைச் சட்டைபோல் விரித்து
வெயிலில் உலர்த்திக்கொண்டு.

ஊர் முகப்பில் மூன்று முறை ஹாரன்.
யாரும் வரவில்லை. வரத் தேவையுமில்லை.
கதவுப் பிடிகளில் துணிப்பைகள் தொங்கின,
கட்டம் போட்டது, பூப்போட்டது,
பழைய திரைச்சீலையில் தைத்தது.
எண்ணிக்கொண்டே போட்டான் எலாடியோ.
ஒன்பது, பத்து, பதினொன்று.
ஊர் முடிந்துவிட்டது.

காசில்டா அறைச் சாவியோடு வந்தாள்.
ஊர்த் தலைவி, மதுக்கடைக்குப் பொறுப்பாளி,
இருபத்திரண்டு செம்மறிகளுக்கு முதலாளி,
எல்லாம் ஒரே மேல்கோட்டுக்குள்.
வழியில், கடைசிக் கதவில்
வீங்கியிருந்த பையைப் பார்த்து நின்றாள்.
முதலில் ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு சிலுவைக்குறி.
அந்த வரிசையில்.

"இலாரியோ. ஞாயிற்றுக்கிழமை போய்ட்டான்.
மருத்துவருக்குச் சொன்னோம், பாதிரியாருக்குச் சொன்னோம்,
ரொட்டிக்காரனுக்குச் சொல்ல மறந்துட்டோம்.
மாசக் கடைசி வரைக்கும் காசு கட்டியிருக்கான் பாவி."
விறகுக்கட்டையைக் கொடுப்பதுபோல்
என் கக்கத்தில் செருகினாள்:
"தின்னு. கல்லாயிடும்."

மதுக்கடையில் விற்பவர் இல்லை.
நாமே எடுத்து, நாமே குடித்து
நோட்டில் ஒரு கோடு கிழிக்க வேண்டும்.
இலாரியோ பெயருக்கு நேரே நான்கு கோடுகள்
குறுக்குக் கோட்டுக்குக் காத்திருந்தன.
"ரொட்டிக்கு முன்பணம், மதுவுக்குக் கடன்.
சரியாப் போச்சு," என்றான் பௌலினோ,
சீட்டைக் கலைத்தபடி.
மூவர் விளையாடினார்கள், நால்வர் ஆடும் ஆட்டத்தை.
என்னை யாரும் கூப்பிடவில்லை.

கோயில் மணி ஒன்பது அடித்தது.
இரண்டு நிமிடம் கழித்து
மறுபடியும் ஒன்பது அடித்தது.
எண்ணத் தவறியவர்களுக்காக, என்றாள் காசில்டா.

இரவு, அறையில், பேனாக்கத்தியால் அறுத்தேன்.
புறம் பட்டை, அகம் பஞ்சு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று
சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.
உப்புக் குறைவான ரொட்டி அது.
முகமும் தெரியாது.
எவ்வளவு நினைப்பது, எதை வைத்து?
பையில் நூலால் தைத்த ஓர் 'இ' இருந்தது,
அவர்கள் எழுத்தில்.
உச்சரிக்காமல் விடும் முதல் எழுத்தையும் சேர்த்து
இரண்டு.

வெள்ளிக்கிழமை அதே மூன்று ஹாரன்.
காசில்டா ஆட்டுக்கொட்டிலில் இருந்தாள்,
அல்லது இருப்பதாகத் தெரியட்டும் என்று
அங்கே போயிருந்தாள்.
பௌலினோ ஜன்னலைத் திறந்து
வானத்தைப் பார்த்துவிட்டு மூடினான்.
எலாடியோ எண்ணிக்கொண்டே போட்டான்.
கடைசிக் கதவில் பை தொங்கியது
(செவ்வாயன்று உதறி மாட்டியவன் நான்தான்,
வேறெங்கே வைப்பதென்று தெரியாமல்).
பதினொன்று.

கார் தயாராகிவிட்டதாம், ஏறிக்கொண்டேன்.
கைப்பிரேக்கை விடுவித்து
கண்ணாடியில் தெருவைப் பார்த்தபடி கேட்டான்:
"இலாரியோ எப்படி இருக்கான்?
இப்பல்லாம் ஹாரன் அடிச்சா
வெளியே வந்து திட்டறதே இல்ல."

கீழே
முப்பத்தேழு வளைவுகள் இருந்தன.